ஊர்ப்பக்கம் நெட் நிலையா கிடைக்க: ஃபைபர், டவர், கரண்ட் அனுபவங்கள்

ஃபைபர் ஸ்பிளைசிங் (இழைகளை உருக்கி ஒட்டுற வேலை), பொள்ளாச்சி பக்கம்:

நெட் ஸ்லோன்னு புகார் வந்தா நிறையப் பேர் முதல்ல ரவுட்டரை மாத்துறாங்க. அதுக்கு முன்னாடி, வீட்டுல ஃபைபர் வந்து சேர்ற ஓஎன்டி பெட்டியோட அட்மின் பக்கத்தைத் திறந்து பாருங்க. பெரும்பாலும் 192.168.1.1, பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கும். பான் (ஃபைபர் லைன்) ஸ்டேட்டஸ்ல ஆர்எக்ஸ் பவர்னு ஒரு எண் இருக்கும், பெட்டிக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. டிபிஎம்ங்கிறது அதோட அலகு, மைனஸ் எண் பெருசாக ஆக வெளிச்சம் குறைவு. மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தா நல்ல லைன். மைனஸ் 27-ஐத் தாண்டினா எப்ப வேணா விழும்.

அந்த எண் எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். ஆபரேட்டர் பக்கத்துல வெளிச்சம் அனுப்புற பெட்டியான ஓஎல்டி, பிளஸ் 4 டிபிஎம் அனுப்புதுன்னு வைங்க. 6 கிலோமீட்டர் ஃபைபர்ல சுமார் 2 டிபி (இழப்பை அளக்கிற அலகு) போகும். ஒரு லைனை நாலாப் பிரிக்கிற 1:4 ஸ்பிளிட்டர் 7 டிபிக்குக் கொஞ்சம் மேல, அதுக்கப்புறம் ஒரு 1:8 பத்தரை டிபி சாப்பிடும். ஸ்பிளைஸ், கனெக்டருக்கு 2 டிபி. வீட்டுக்கு மைனஸ் 18 வந்து சேரணும். மைனஸ் 26 காட்டினா எங்கேயோ 8 டிபி வீணாகுது.

வீணாகுற இடம் பெரும்பாலும் கடைசி 200 மீட்டர்லதான். பச்சை கனெக்டரை நீல அடாப்டர்ல சொருகியிருப்பாங்க. பச்சைக்கு முனை 8 டிகிரி சாய்வு, நீலத்துக்குக் கிடையாது. ரெண்டும் முழுசா ஒட்டாது, நடுவுல காத்து நிக்கும். அடுத்தது, ஸ்பிளைஸ் பண்ணாம கையால போடுற ஃபாஸ்ட் கனெக்டர். போட்ட அன்னைக்கு அரை டிபிதான் போகும். வெயில்லயும் மழையிலயும் கம்பத்துல கிடந்து உள்ள ஃபைபர் நகர்ந்துட்டா நாலைஞ்சு டிபி ஆயிடும். வெளியில இருக்கிற ஜாயின்ட்டை ஸ்பிளைஸ்தான் பண்ணணும், இதுல சமாதானமே கூடாது. மூணாவது, ஜன்னல் ஓரத்துல கேபிளை மடிச்சு கிளிப் அடிக்கிறது. பழைய ரக ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது. அதிகம் வளைக்கிறதைத் தாங்குற ஜி.657 ஏ2 கேட்டு வாங்குங்க, 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும்.

கேபிள் ஆபரேட்டர், கோபி பக்கம்:

மேல சொன்னதோட இன்னும் சில விஷயம். அணில் கடிச்ச கேபிள் வெளியில பார்த்தா முழுசா இருக்கும், உறையில சின்னப் பல்தடம் மட்டும் தெரியும். சிவப்பு லேசரை உள்ள விட்டு இருட்டுல பார்த்தா கசியிற இடம் பளிச்சுனு தெரியும். தென்னை ஓலை விழற தோப்புக்குள்ள கேபிளை இழுக்கவே கூடாது, வரப்பு ஓரமா கம்பம் நட்டு சுத்தி வர்றதுதான் நிக்கும். சாலையைக் கடக்கிற இடத்துல 6 மீட்டராவது உயரம் வேணும், இல்லன்னா வைக்கோல் லாரி அறுத்துட்டுப் போயிடும்.

ஓஎன்டி பெட்டியில எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா எரிஞ்சா லைன் அறுந்திருக்கு, இல்லன்னா வெளிச்சம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எல்ஓஎஸ் அணைஞ்சு பான் விளக்கு மட்டும் மின்னிக்கிட்டே இருந்தா வெளிச்சம் வருது, ஆனா ஓஎல்டி பெட்டியை ஏத்துக்கல. ஆபரேட்டருக்கு ஃபோன் பண்றப்ப இதைத் தெளிவாச் சொன்னா லைன்மேன் சரியான சாமானோட வருவார்.

செல் ரவுட்டர் பொருத்துறவர், தேனி மலையடிவாரம்:

ஃபைபர் வராத ஊர்ல 4ஜி ரவுட்டர்தான் வழி. ஃபோன்ல சிக்னல் கோடு எண்ணிப் பார்க்காதீங்க. செல் விவரம் காட்டுற ஆப்ல ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு நடுவுல சிக்னல் எவ்வளவு தெளிவு) ரெண்டையும் பாருங்க. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 100-க்கு மேல இருந்தா ஓடும், மைனஸ் 115 ஆனா தடுமாறும். எஸ்ஐஎன்ஆர் 10-க்கு மேல வேணும், பூஜ்யத்துக்குக் கீழ போனா சிக்னல் பலமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

காலை 6 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் சோதிங்க. சிக்னல் எண் மாறாம வேகம் மட்டும் ராத்திரி படுத்துட்டா, நெரிசல் டவர்ல. அப்ப ஆன்டெனாவுக்குக் கொடுக்கிற காசு வீண், வேற கம்பெனி சிம் போட்டுப் பாருங்க.

சிக்னலே பலவீனமா இருந்தா ஆன்டெனா உதவும். ஆனா மெல்லிசு ஆர்ஜி 58 ஒயர்ல 10 மீட்டர் இழுத்தா, 2300 மெகாஹெர்ட்ஸ்ல ஆன்டெனா சேர்த்துக் கொடுத்த டிபி பெரும்பகுதி ஒயர்லயே போயிடும். மொட்டை மாடியிலயே வெயில், மழை தாங்குற ரவுட்டரை வெச்சு, லேன் ஒயர்லயே கரண்ட் அனுப்புங்க. ஈத்தர்நெட் ஒயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாம ஓடும். ஆனா அது முழுச் செம்பா இருக்கணும். அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது நீளமாப் போனா வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். கடையில விக்கிற சிக்னல் பூஸ்டரை வாங்காதீங்க. அனுமதி இல்லாம வைக்கிறது சட்டப்படி குற்றம், சுத்தி இருக்கிற எல்லார் சிக்னலையும் அது கெடுக்கும்.

வயர்லெஸ் லிங்க் போடுறவர், தஞ்சாவூர் பக்கம்:

ஊருக்குள்ள ஃபைபர் இருக்கு, 2 கிலோமீட்டர் தள்ளி தோட்டத்து வீட்டுல இல்லன்னா 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ரெண்டு போதும். கண்ணுக்கு எதிர் டிஷ் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறது தப்பு. 2 கிலோமீட்டர் லிங்க்ல சரிபாதி தூரத்துல, நேர்கோட்டைச் சுத்தி 3 மீட்டர் காலியா இருக்கணும். இடையில தென்னை மட்டை தொட்டாலும் வெயில் காலத்துல ஓடிடும், ஐப்பசி மழையில ஓலை நனைஞ்சதும் விழும். அதனால மழைக்காலத்தை மனசுல வெச்சு உயரம் முடிவு பண்ணணும், கன்னு வளர்றதையும் சேர்த்து. சேனல் அகலத்தை 80-ல வைக்காம 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க, வேகம் கொஞ்சம் குறையும், நிலையா இருக்கும்.

மின் வேலை, அதே பக்கம்:

12 வோல்ட் அடாப்டர் பழசானா 11-க்கு இறங்கும், ஓஎன்டி மாலையில மட்டும் அணைஞ்சு அணைஞ்சு வரும். மல்டிமீட்டர்ல, பெட்டி ஓடிக்கிட்டிருக்கும்போது பாருங்க. 2000 எம்ஏஎச் செல் 3 இருக்கிற மினி யுபிஎஸ், 10 வாட் பெட்டியை ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஓட்டும். ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், ஆனா ஓஎல்டிக்கு வேணும். கனெக்‌ஷன் எடுக்கிறதுக்கு முன்னாடி ஆபரேட்டர்கிட்ட "ஓஎல்டி எங்க இருக்கு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?"னு கேளுங்க.

இடி விஷயம்: ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனா டிராப் கேபிளோட ஒட்டி வர்ற இரும்புக் கம்பி கடத்தும். அதைச் சுவருக்கு வெளியிலயே வெட்டிக் கொக்கியில கட்டிட்டு, கண்ணாடி ஃபைபரை மட்டும் வீட்டுக்குள்ள விடணும்.