எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: கடிகாரம் சொல்லும் சாப்பாடு

செந்தூல், கோலாலம்பூர்

ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டைக் கடந்துவிட்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். சிகிச்சைக்கு முன் என்னென்ன பரிசோதனைகள் நடக்கும், செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்வதற்கு ஆள்கள் நிறைய இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "இப்போது எவ்வளவு சாப்பிட முடிகிறது?" என்பதுதான். இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை ஒரு சிறிய வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவைக்கிறார்கள். ஆகவே அளவு தானாகவே குறைந்துவிடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் மேற்பகுதியில்தான் சுரக்கிறது என்பதால் முதல் சில மாதங்களுக்குப் பசியே எடுப்பதில்லை. அளவோடு நான் பெரிதாகப் போராடவில்லை. என்னை இன்றுவரை அலைக்கழிப்பது நேரம்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது. ஆனால் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே போக வேண்டும். அதையும் முன்பு போல ஒரே மூச்சில் குவளையைக் காலி செய்ய முடியாது, மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை சிறிது சிறிதாகச் சாப்பிடுகிறவள், ஒவ்வொரு வேளைக்கும் இருபது முப்பது நிமிடம் மென்று, அதன் பிறகு அரை மணி நேரம் காத்திருந்தால், தண்ணீருக்கென்று மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்கு நடுவில் மாத்திரைகள் வேறு. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத்தான் எடுக்க வேண்டும், சேர்த்து எடுத்தால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேநீரும் இரும்பைத் தடுக்கும். மாலை நான்கு மணித் தேநீரை விட மனமில்லாததால் இரும்பு மாத்திரையைப் படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

பள்ளியில் இடைவேளை இருபது நிமிடம். மாணவர்களை வரிசையில் நிறுத்தி அனுப்பிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து டப்பாவைத் திறப்பதற்குள் அதில் ஐந்து நிமிடம் போய்விடும். மீதி நேரத்தில் அவசரமாக விழுங்கினால் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டு, வாயில் எச்சில் ஊற ஊற, எழுந்து கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். தலைமையாசிரியையிடம் விவரத்தைச் சொல்லி, இடைவேளைக்கு முந்தைய பாடவேளையை ஓய்வாக மாற்றிக் கேட்டேன். அவரும் அட்டவணையைத் திருத்திக் கொடுத்தார். மருந்து மாத்திரைகளைவிட அந்த அட்டவணைத் திருத்தம்தான் எனக்கு அதிகம் உதவியது என்பேன். வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

முதல் வாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளை வழியே செய்யும் அறுவை என்பதால் வயிற்றில் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். அது கரையும் வரை வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலிக்கும், பயப்பட வேண்டாம். இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள், ஊசியும் போடுவார்கள். ஆனால் காய்ச்சல், ஓய்ந்து படுத்திருக்கும்போதும் குறையாத நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டிருக்கலாம்.

பிறகு அம்மாவின் சமையல். நீராகாரம், பிறகு கூழ் பதம், பிறகு மெதுவான உணவு என்று படிப்படியாகப் போகும் முறையை உணவியல் நிபுணர் விளக்கியபோது, அம்மா அதைப் பத்தியம் என்றே எடுத்துக்கொண்டார். பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் காத்துப் பழகியவர் என்பதால் ஒழுங்கைக் காப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பூண்டுக் குழம்பை மட்டும் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. காரமும் புளியும் குறைத்த ரசத்தை மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, இருமல் மருந்துப் புட்டியோடு வரும் 30 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார். அந்தக் குவளையைக் காலி செய்ய எனக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். இன்னொரு குவளை என்று அவர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டில் அதுவே ஒரு புதுமை.

திட உணவுக்கு வந்ததும் புரதத்தின் கணக்கு தொடங்குகிறது. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். ஆகவே தட்டில் முதலில் மீனோ கோழியோ முட்டையோ, அடுத்து காய்கறி, கடைசியில் இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உறவினர்களோடு போனால் இலையில் சோறு மலையாக விழுந்த பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக வரும். என் வரிசை அதற்கு நேர் எதிர். இப்போதெல்லாம் சோறே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பொரித்த மீனில் பாதியைத் தின்று மறுபாதியைத் தாப்பாவ் கட்டிக்கொள்கிறேன். முழுச் சாப்பாட்டுக்கான விலையைத்தான் வாங்குகிறார்கள், அது வேறு கதை.

முடி கொட்டும். மூன்றாம் மாதம் வாக்கில் தொடங்கி ஆறாம் மாதம் வரை சீப்பு சீப்பாக வந்தது. வெந்தயமும் செம்பருத்தியும் அதைத் தடுக்கவில்லை. உடம்புக்கு நேர்ந்த அதிர்ச்சியால் ஓய்வு நிலைக்குப் போய்விட்ட வேர்கள் தம் காலத்தில் மீண்டும் வளர்ந்தன. இந்த நேரத்தில் ஒரு திருமண மண்டபத்துக்குப் போனால் போதும், "என்னம்மா, இனிப்புநீரா?" என்று நீரிழிவைச் சந்தேகித்துக் கேட்க நாலு பேர் இருப்பார்கள். நம்மிடையே ஒருவர் மெலிந்தால் அது நோய், பருத்தால் அது செழிப்பு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றை இன்னும் எதற்குக் கிசுகிசுப்பாகப் பேச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறை, பினாங்கு

அக்கா எழுதியதைப் படித்தேன். நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். எனக்குச் செய்தது பைபாஸ். இரைப்பையின் மேல்புறத்தில் ஒரு சிறிய பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். இனிப்புநீருக்கு இது நன்றாக வேலை செய்கிறது. எடை குறையத் தொடங்குவதற்கு முன்பே சர்க்கரை அளவு இறங்கிவிட்டது. மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும் என்பதால், இந்தக் காலத்தில் வீட்டிலேயே அடிக்கடி குத்திப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

ஸ்லீவ் செய்தவர்களைவிட எங்களை அதிகம் வாட்டுவது இனிப்பு. கெட்டிப்பால் போட்ட தே தாரேக்கோ மைலோவோ உள்ளே போனால், அந்தச் சர்க்கரை நேராகக் குடலுக்குள் கொட்டுகிறது. அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிற்றைப் பிடித்து இழுக்கும், படுத்தே ஆக வேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வேறு விதமாக வரும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுங்கும். இயந்திரத்தின் அருகில் நிற்கிறவனுக்கு இது விளையாட்டல்ல. மாமாக் கடையில் இப்போது என் வாயிலிருந்து வருவது "தே ஓ கோசோங்" மட்டுமே, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். நண்பர்கள் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள்.

அக்காவுக்குக் கடிகாரமாவது நிலையாக இருக்கிறது. எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. காலை எட்டு மணி மாத்திரை என்பதற்கு என் வாழ்க்கையில் பொருளே இல்லை. அதனால் மணியை விட்டுவிட்டு வேலையோடு கட்டிவைத்தேன்: அட்டை தட்டி உள்ளே போனதும் கால்சியம், வீடு திரும்பிக் குளித்ததும் இரும்பு. அதிகாலை மூன்று மணி இடைவேளையில் மற்றவர்கள் குழம்பில் மிதக்கும் நாசி கண்டாரைத் தாப்பாவ் வாங்கி வந்து தின்னும்போது, நான் வீட்டிலிருந்து கொண்டுபோன அவித்த முட்டையை மென்றுகொண்டிருப்பேன். வாசனை வாட்டும் என்பதை மறைக்கப் போவதில்லை.

முக்கியமான ஒன்று வலி மாத்திரை. பைபாஸ் செய்தவர்கள் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும், இணைப்புப் போட்ட இடத்தில் புண் வந்துவிடும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும். சாதாரண முதுகுவலிக்கு எந்தக் கிளினிக்கிலும் கை முதலில் போவது இந்த மாத்திரைகளின் பக்கம்தான் என்பதால், என்ன அறுவை, எது ஆகாது, பாராசிட்டமால் போதும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மைகார்டு என்னும் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறேன். மதுவும் இப்போது மிக விரைவாக ஏறும். முன்பு தாங்கிய அளவு இனித் தாங்காது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினேன். 513 படிகளையும் நிற்காமல் ஏறியது பழைய உடம்பில் நடந்திருக்காது. விரதத்தை மட்டும் உணவியல் நிபுணரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன்: ஒருவேளை உணவு என்பதை விட்டுவிட்டு, சைவத்தை மட்டும் கடைப்பிடித்தேன், சோயாவில் செய்த தவ்ஃபு, தெம்பே, அவற்றோடு தயிர் ஆகியவற்றைக் கொண்டு புரதத்தைச் சமாளிக்க முடிந்தது. சிக்கல் வழியில் இருந்த தண்ணீர்ப் பந்தல்களில்தான். வெயிலில் நடந்து வருகிறவருக்குப் பந்தலில் நீட்டுவது பெரும்பாலும் சிவப்புச் சர்பத்தோ இனிப்புப் பானமோதான். தொண்டு செய்கிற பிள்ளை நீட்டும் குவளையை மறுப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. வெறும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டு இன்னொரு போத்தலையும் கையில் திணித்தார்கள்.

செராஸ், கோலாலம்பூர்

எனக்கு ஸ்லீவ் செய்து சில மாதங்களே ஆகின்றன. 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்கு வேண்டிய சத்து கிடைக்காது என்பதே காரணம். கணவருக்கு இது தெரியும். மாமியாரிடம் அறுவையைப் பற்றியே சொல்லவில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு எங்கள் வீட்டில்தான் நடக்கப் போகிறது. பலகாரத் தட்டோடு அத்தை அருகில் வந்து நிற்கும்போது என்ன செய்வது?

செந்தூல், கோலாலம்பூர்

தங்கைக்கு: எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவருக்குச் சொல்லாமல் இருப்பதுதான் கடினம். "வயிற்றில் ஓர் அறுவை நடந்தது, சிறிது சிறிதாகத்தான் சாப்பிட வேண்டும், பிள்ளைப் பேற்றையும் கொஞ்சக் காலம் தள்ளிப்போடச் சொன்னார்கள்" என்று கணவரை முன்னால் விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றிய கேள்விக்கும் அத்தோடு பதில் கிடைத்துவிடும்.

பலகாரத்தில் நீங்கள் பயப்பட வேண்டியது அதிரசத்துக்கு அல்ல, முறுக்குக்கு. அதிரசம் ஒரு கடியிலேயே வயிற்றை அடைத்துவிடும். முறுக்கும் பிஸ்கெட்டும் வாயில் நொறுங்கி மாவாகி இறங்கிவிடுவதால் எவ்வளவு உள்ளே போனது என்று வயிறு சொல்லாது. ஓராண்டு கழித்து எடை திரும்புகிறவர்கள் பலருக்கும் அது இந்த வழியாகத்தான் திரும்புகிறது. தீபாவளி வாரத்தில் இரத்தப் பரிசோதனைக்கான தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள். இரும்பு, பி12, வைட்டமின் டி ஆகியவற்றை முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பித்தப்பையில் கல் சேராமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தால் சொன்ன காலம் முடியும்வரை அதையும் நிறுத்த வேண்டாம்.

அத்தை தட்டோடு வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியைத் தாப்பாவ் கட்டித் தரச் சொல்லுங்கள். கட்டிக் கொடுத்தாலும் அவருக்கு உபசரித்த நிறைவு வந்துவிடும். மறுநாள் உங்கள் கணவர் வேலையிடத்துக்கு எடுத்துப் போகட்டும்.