உங்கள் ஊர் ராக் குழுவில் யார் எங்கிருந்து வந்தவர்கள்?

பாஸ்காரன், தாம்பரம்

ராக் குழு என்றாலே பன்னிரண்டு வயதில் கித்தாரைத் தூக்கி, அதற்காக வீட்டில் அடி வாங்கி வளர்ந்த கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஐந்து பேரில் அப்படி வளர்ந்தவன், பாஸ் கித்தார் வாசிக்கும் நான் ஒருவன்தான். ஐவரில் மோசமாக வாசிப்பவனும் நானே.

டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் ஒத்திகைக்கு வந்தபோது எங்களுக்கு அது தெரியாது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மாடி அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை. கித்தார் வாசிக்கும் தம்பி ஏழு எண்ணிக்கையில் ஒரு பாட்டுப் போட்டிருந்தான். மூன்று வாரமாக அதில் விழுந்து எழுந்துகொண்டிருந்தோம். நான் வாய்விட்டு எண்ணுவேன், ஆறு வந்ததும் பயத்தில் ஏழை விழுங்கிவிடுவேன். அண்ணன் ஒருமுறை முழுதாகக் கேட்டார். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார். "தகிட தகதிமி. மிஸ்ர சாபுதானே தம்பி, இதற்கு எதற்கு விரல்விட்டு எண்ணுகிறாய்?" கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளம் அது; மூன்றும் நான்கும், அவ்வளவுதான். அன்று மாலையே பாட்டு பிடிபட்டுவிட்டது.

பிறகுதான் அவர் கைகளைக் கவனித்தேன். தவிலில் வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டுவார்கள்; குச்சி இடது கையில் இருக்கும். அதனால் வலது கைக் குச்சியை அவர் முதல் ஆறு மாதம் கரண்டி பிடிப்பதுபோலத்தான் பிடித்தார். இடது கை ஸ்நேர் டிரம்மில் விழுந்தாலோ அறையே அதிரும். குறையும் உண்டு. சிறிது இடைவெளி கண்டால் போதும், தீர்மானம், அதாவது ஒரே சொற்கட்டை மும்முறை அடித்து முடிக்கும் முத்தாய்ப்பு, வைத்துவிடுவார். பாடுகிறவனுக்கு மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது.

முதலில் பழகிய வாத்தியம் எப்படியும் கையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது என் கட்சி. உங்கள் குழுக்களில் எப்படி?

குயர் அக்கா, பாளையங்கோட்டை

என் கையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. நான் கீபோர்டு. எங்கள் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றே சொல்வோம். அந்தக் கோயில் பாடகர் குழுவில், அதாவது குயரில், பன்னிரண்டு வருடம் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடினேன். டானிக் சோல்ஃபா என்ற டோ-ரே-மி எழுத்துக் குறிப்பில் எழுதிய பழைய புத்தகம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒரே ஆராதனையில் நான்கு குரலில் ஓர் ஆங்கிலப் பாமாலை வரும். அது முடிந்ததும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று ராகத்தோடு, டோலக்கோடு வரும். சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். அவர் பாட்டுகள் எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு உலகம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அது நல்லதாகப் போயிற்று.

ராக் குழுவில் சேர்ந்தபோது வந்த சங்கடம் ஒன்றுதான். எவ்வளவு ஆவேசமான பாட்டாக இருந்தாலும் முடிகிற இடத்தில் என் கை தானாக எஃப் கார்டிலிருந்து சி கார்டுக்கு இறங்கிவிடும். அதாவது, ஆமென். "அக்கா, ஜெபம் முடிந்ததா?" என்று கித்தார்காரன் மைக்கிலேயே கேட்டிருக்கிறான்.

எங்கள் பாடகி கர்நாடக சங்கீதம் படித்தவள். எந்தச் சுருதி என்று கேட்டால் "ஐந்தரைக் கட்டை" என்பாள். கித்தார்காரன் என்னைப் பார்ப்பான். ஒரு கட்டை சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப் என்று நான் மொழிபெயர்க்க வேண்டும். அரைக் கட்டை இறங்கக் கூடாதா என்று அவன் கெஞ்சுவான், அவள் மாட்டாள். கடைசியில் கித்தாரின் முதல் மெட்டில், தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி வாசிப்பான்.

கீழ்ப்பாக்கத்தில் நின்றவன், சென்னை

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடையேறியபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியில்லாத் தமிழர்'. மேடையில் பத்தொன்பது பேர். எலக்ட்ரிக் கித்தாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறை, சட்டி, கட்டமோளம் என்ற மேளங்கள் இன்னொரு பக்கம், முன்னால் கானா பாடகர்கள். அவர்களில் ஒருவரான இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

எங்கள் தெருவில் சட்டிச் சத்தம் கேட்டால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். அதே சத்தத்துக்கு ஒரு மைதானமே ஆடியதை அன்று பார்த்தேன். பக்கத்தில் நின்றவரிடம் எதையோ சொல்லப்போனேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் என் நண்பன் ஒரு சிறிய ராக் குழுவில் பறையோடு சேர்ந்தான். ஒரு கல்லூரி விழா, பெயர் வேண்டாம். மேடைக்குப் பின்னால் செய்தித்தாளைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். தோல் இறுகினால்தானே நாதம் வரும்? காவலாளி தீயணைப்புக் குழாயோடு ஓடிவந்தார். ஒருங்கிணைப்பாளர் வந்து, "இதெல்லாம் இல்லாமல் வாசிக்க முடியாதா?" என்று கேட்டார். கித்தாருக்கு அரைமணி நேரம் சுருதி சேர்த்தார்கள், அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு மாணவி விடுதியிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுமாராகத்தான் காய்ந்தது.

பேட் அண்ணன், மதுரை

ராக்காரர்களுக்கு ஒரு கெட்ட வார்த்தை உண்டு. "ஆர்கெஸ்ட்ரா ஆள்." நான் அந்த ஆள்தான். இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட், அதாவது தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவி, வாசித்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நாற்பது பாட்டு, ஒரு துண்டுக் காகிதம் முன்னால் இருக்காது. நடுவில் யாராவது சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டுக் கேட்டால் அதையும் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் கல் வரும்.

என் மருமகனின் ராக் குழுவில் ஆள் குறைந்தபோது உதவிக்குப் போனேன். முதல் நாள் ஒரு பையன் கேட்டான்: "மாமா, சொந்தமாக ஏதாவது வாசித்திருக்கிறீர்களா?" கேள்வி சரியானதுதான், கேட்ட விதம்தான் சரியில்லை. இளையராஜா பாவலர் சகோதரர்கள் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். ஏ.ஆர். ரஹ்மான் இளமையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் வாசித்தவர். இரண்டு வாசலிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், தம்பி.

ஆனால் பாஸ்காரன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். என் கை இன்றும் யாரோ போட்ட தாளத்தை அச்சு அசலாகத் திருப்பித்தான் வாசிக்கிறது. அந்தப் பையன் இரண்டு தட்டு தப்பாகத் தட்டினாலும் அது அவனுடையது. அதை நினைத்தால் சில நாள் தூக்கம் வருவதில்லை.

பாஸ்காரன், தாம்பரம்

எல்லாவற்றையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு ஒத்திகைக்குத் தவிலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டி முடிக்கும்வரை நாங்கள் ஐம்பது ரூபாய் வாடகையைக் காத்திருந்தே கரைத்தோம். பிறகு அந்த ஏழு எண்ணிக்கைப் பாட்டு. இரண்டாவது சுற்றில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். வழக்கமான சண்டை என்று கித்தார்காரன் ஆம்ப்பை அணைத்துவிட்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"