பூச்சிகொல் பூஞ்சையா, பூச்சிநோய்ப் பூஞ்சாணமா?

மேலூர் ஆசிரியை:
கொசுவுக்கு எதிரான பூஞ்சையை வளர்க்கும் பயிற்சிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் இந்தப் பக்கத்து மகளிர் குழுவினர். மெட்டாரைசியம், பிவேரியா என்ற இரு பூஞ்சைகளின் பெயர்களை அப்படியே விட்டுவிட்டேன். இந்த வகைப் பூஞ்சைக்கே ஒரு பொதுப்பெயர் வேண்டும். ‘பூச்சிக்கொல்லிப் பூஞ்சை’ சரிதானா? ஒரு வரியில் பதில் வந்தால் நிம்மதி.

திருநகர் தமிழாசிரியர் (ஓய்வு):
சரியில்லை அம்மா. பூச்சிக்கொல்லி என்றதுமே மண்டையோடு போட்ட புட்டிதான் நினைவுக்கு வரும். கொல்களிறு, கொல்புலி என்கிறோமே, அந்த வினைத்தொகை நமக்கு இருக்கிறது: ‘பூச்சிகொல் பூஞ்சை’. ககரம் மிகாது. அச்சகத்தார் கட்டாயம் மிகவைப்பார்கள், கவனம்! ஆனால் பூஞ்சை என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. ‘பூஞ்சை உடம்பு’ என்றால் நோஞ்சான். கொசுவைக் கொல்லவந்தது நோஞ்சானா? ஊறுகாயில் பூசணம் பூத்தது என்கிறோம். பூத்தல் என்ற வினையே அந்தப் பெயருக்கும் வேர் என்பது என் துணிபு. பூசணமே நல்ல தமிழ்.

ஒத்தக்கடை வேளாண் ஆய்வாளர்:
ஐயா, கொல்வது கடைசி வேலை. பூஞ்சாணம் பெருக உதிர்க்கும் நுண்துகளான வித்து (ஸ்போர்) கொசுவின் தோலில் ஒட்டி முளைக்கிறது. நொதிகளால் தோலை அரித்து உள்ளே நுழைந்து இரத்தத்தில் பெருகுகிறது. கொசு சாகச் சில நாள் ஆகும். அதற்குள்ளேயே இரை எடுப்பதும் குறைந்துவிடும். குட்டையில் தெளிக்கும் பிடிஐ (Bti) என்ற பாக்டீரியாவைக் கொசுப்புழு விழுங்கினால்தான் பலன். இதற்குக் கொசு வந்து உட்கார்ந்தாலே போதும். 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தான்சானியாவில் வித்து பூசிய துணியை வீட்டுக்குள் தொங்கவிட்டுப் பார்த்ததும் இதனால்தான். ஆகவே பெயரில் நோய் இருக்க வேண்டும்: ‘பூச்சிநோய்ப் பூஞ்சாணம்’. பூச்சிக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சாணம். உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பூஞ்சாணம் என்றால் உழவர்களுக்கும் தெரியும்.

திருநகர்:
தொகையை நீங்கள் அப்படி விரிப்பீர்கள். படிப்பவர் ‘பூச்சியால் வரும் நோய்’ என்று விரித்தால்? டெங்குவைப் பரப்பும் பூஞ்சாணம் என்று ஊரே ஓடிவிடும்.

யாழ்ப்பாண நண்பர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கொசுவை நுளம்பு என்போம். நுள்ளுதல் என்றால் கிள்ளுதல். கடிக்கும்போது கிள்ளுவதுபோல் இருப்பதால் நுளம்பு ஆகியிருக்கலாம். ஒத்தக்கடை ஐயா வித்து என்கிறார். வித்து விதையல்லவா? எங்கள் பக்கம் இதைத் தூளியம் என்பார்கள். தூளாக உதிர்வது தூளியம்.

ஒத்தக்கடை:
நுளம்பு அருமை, ஆனால் மதுரையில் யாருக்கும் புரியாது. தூளியத்தை என் மாணவர்கள் முகப்பவுடர் என்று நினைப்பார்கள்.

மேலூர் ஆசிரியை:
நேற்றுப் பயிற்சியில் அரிசியை ஊறவைத்து, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பஞ்சால் வாய் அடைத்து, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) வைத்துக் காட்டினோம். ஆறியதும் தாய்வளர்ப்பை, அதாவது முன்பே வளர்த்துவைத்த பூஞ்சையை, சேர்க்க வேண்டும். பையைக் குலுக்காமல் விட்டால் சோறு கட்டிதட்டி, நடுவில் வெள்ளையாகவே நின்றுவிடும். இரண்டு வாரத்தில் பச்சை ஏறிய பழைய மெட்டாரைசியப் பையைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் தாங்களே ‘பச்சைப்பொடி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் மதுரை வெயிலில் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சியே பெரும்பாலும் நின்றுவிடும், வெயில் பட்டால் வித்தும் சாகும் என்று சொன்னபோது அவர்கள் கேட்டது, “பச்சைப்பொடியை எந்த அறையில் வைப்பது?” என்றுதான்.

திருநகர்:
பச்சைப்பொடியா! பிவேரியா வெள்ளை. அதை வெள்ளைப்பொடி என்பீர்களா? மசாலாக்கடை வைக்கலாம்.

மேலூர் ஆசிரியை:
ஐயா, அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். உங்கள் ‘பூச்சிகொல்’, ஒத்தக்கடையாரின் ‘பூஞ்சாணம்’ இரண்டையும் சேர்த்து ‘பூச்சிகொல் பூஞ்சாணம்’ என்று அனுப்புகிறேன். வித்து வித்தாகவே இருக்கட்டும். பச்சைப்பொடி படத்தின் கீழே வரும்.

ஒத்தக்கடை:
நோய் போய்விட்டது. இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன்.

திருநகர்:
நான் ஒப்பவில்லை. பூசணம்தான். மெய்ப்புத்தாளை மட்டும் எனக்கு அனுப்புங்கள். ககரத்தைப் பார்க்க வேண்டும்.