பாதுவான்ஜின் (மூச்சோட சேத்து மெதுவா பண்ற சீன உடற்பயிற்சி) பண்றவங்க யாராவது இருக்கீங்களா? அம்மாவோட முட்டிக்காக கேக்கறேன்

வணக்கம் மக்களே, நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம், எங்க புளோக் கீழ காலைல சீன ஆன்ட்டிங்க பாதுவான்ஜின் பண்றாங்க, மொத்தமே 8 அசைவு, ஒரு 12 நிமிஷம் ஆகும், முட்டித் தேய்மானம் இருக்கற எங்க அம்மாவும் ரெண்டு மாசமா அவங்களோட சேந்து பண்றாங்க. முதல் அசைவுல ரெண்டு கையையும் கோத்து வானத்த தாங்கற மாதிரி தூக்கும்போது அவங்க முகத்த பாக்கணுமே, அவ்ளோ நிம்மதி! தோள் பிடிப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு.

ஆனா வில்லு இழுக்கற ரெண்டாவது அசைவுக்கு குதிரை மேல உக்கார்ற மாதிரி இறங்கி நிக்கணும்ல, அங்க முட்டி வலிக்குது, கடைசில குதிகால தூக்கி 7 தடவை பொத்துனு இறக்கறப்பவும் சுருக்குங்குதாம். கை மேல போறப்ப மூச்ச இழுத்து இறங்கறப்ப விடணும்னு தெரியும், ஆனா அவசரத்துல அடக்கிடறாங்க, தலை சுத்துது.

இதே மாதிரி மெதுவா பண்ற இன்னொரு சீனப் பயிற்சியான தைச்சி முட்டித் தேய்மானத்துக்கு நல்லதுன்னு அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கமே 2019 வழிகாட்டுதல்ல அழுத்தமா சொல்லிருக்கு, அதனால இத விட மனசே இல்ல. நாற்காலில உக்காந்து பண்ணவங்க இருக்கீங்களா? எவ்ளோ இறங்கலாம், மூச்ச எப்படி பழக்கறது? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம், அங்க என்ன கேக்கணும்னும் சொல்லுங்க ப்ளீஸ்.