‘அத்தியாவசிய எண்ணெய்’ வேண்டாம்: ஆவியெண்ணெய், தணிப்பெண்ணெய்

எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்புப் படுவான்கரை வயற்காரருக்கான சேற்றுப்புண் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தாவரங்களிலிருந்து எடுக்கும் மணமுள்ள எண்ணெயை ஆங்கிலத்தில் essential oil என்பார்கள். முதற்படியில் அதை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்றே எழுதியிருந்தேன். வாசித்த மாமா, “அத்தியாவசியமெண்டா கட்டாயம் பூசத்தானே வேணும்?” என்று கேட்டார். அன்றைக்கே அதை வெட்டிவிட்டேன். மூலச்சொல்லான essential இங்கே குறிப்பது தாவரத்தின் சாரத்தை (essence), தேவையை அல்ல.

‘தைலம்’ போதாதா என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். போதாது. நம் பரிகாரிமாரின் தைலம் மூலிகையை நல்லெண்ணெயில் இட்டுக் காய்ச்சியது. அப்படியே பூசிப் பழகியது. நாம் பேசுவதோ நீராவியில் வாலைவடித்த (ஆவியாக்கிக் குளிரவைத்து எடுத்த) கறுவா, கராம்பு எண்ணெய்கள். கறுவா இலையிலும் கராம்பிலும் யூஜினோல் என்ற இரசாயனம் மிகுதி, கறுவாப் பட்டையில் சின்னமால்டிகைட் என்ற இரசாயனம் மிகுதி. சேற்றுப்புண்ணில் காணும் பங்கசு (பூஞ்சை) போன்றவற்றின் கல மென்சவ்வை இந்த எண்ணெய்கள் குலைப்பதை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கலக்காமல் பூசினால் நம் தோலும் எரிந்து புண்ணாகும். ஆகவே பெயரைக் கேட்டதுமே இது வேறு எண்ணெய் என்று தெரியவேண்டும்.

உங்களில் சிலர் சொன்ன ‘வடியெண்ணெய்’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வடிப்பதும் எண்ணெய்தானே. ‘நறுமண எண்ணெய்’ என்றால் தலைக்கு வைக்கும் வாசனை எண்ணெய் நினைவுக்கு வரும்.

என் தெரிவு ஆவியெண்ணெய். கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: நல்லெண்ணெய்க் கறை நிற்கும், இது பெரும்பாலும் பறந்துவிடும். தோடம்பழத் தோலைப் பிழிந்து எடுப்பதை எப்படி ஆவியெண்ணெய் என்பது என்று கேட்கலாம். எடுத்த முறை வேறானாலும் அதுவும் ஆவியாகிறது, சொல் பொருந்தும்.

இதைக் கலக்கப் பயன்படும் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றுக்கும் (ஆங்கிலத்தில் carrier oil) ஒரு சொல் வேண்டும். நோயைக் காவிச் செல்வதைக் குறிக்கும் ‘நோய்க்காவி’யைப் பின்பற்றிக் ‘காவியெண்ணெய்’ என்ற முன்மொழிவு இலக்கணப்படி சரி. ஆனால் ஆவியெண்ணெய், காவியெண்ணெய் இரண்டையும் வாயால் சொல்லிப் பாருங்கள். வட்டைக்குள் (வயல்வெளியில்) ஒருவர் மற்றவருக்குக் கூப்பிட்டுச் சொல்லும்போது மாறிக் கேட்டால், எரிவது காலல்லவா? வேகத்தைத் தணிப்பதால் தணிப்பெண்ணெய் என்போம்.

பிரசுரத்தில் இப்படி வரும்: “ஆவியெண்ணெயைத் தணிப்பெண்ணெயில் கலக்காமல் தோலில் பூசவேண்டாம். வெடித்த, நீர் வடிகிற புண்ணில் கலந்தும் பூசவேண்டாம், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு புண்ணையும் உடனே காட்டுங்கள்.”

அச்சுக்குக் கொடுக்குமுன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.