பைகேமில் கோட்டை மதில் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிகிறது, டியரிங்கா (திரையில் படம் கிழிவதா)?

காட்பாடி_பிக்சல்:
வணக்கம் மக்களே. வேலூர்க் கோட்டையைப் பின்னணியாக வைத்து ஒரு சைடு ஸ்க்ரோலர் (காட்சி பக்கவாட்டில் நகரும் கேம்). பைகேம் 2 (பைதானில் கேம் எழுதும் லைப்ரரி), ஃபுல்ஸ்க்ரீன், 1366×768, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். மதில் ஃப்ரேமுக்கு, அதாவது வரையும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும், 8 பிக்சல் நகர்கிறது. ஓடும்போது ஜலகண்டேஸ்வரர் கோபுரம் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் விலகி நிற்கிறது. அந்த வெட்டு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. லூப்பில் விநாடிக்கு 60 ஃப்ரேம் என்று மட்டுப்படுத்த கிளாக்.டிக்(60), கடைசியில் வரைந்ததைத் திரைக்கு அனுப்ப ஒரே ஒரு ஃபிளிப். டபுள்பஃப் (இரட்டை பஃபர்) ஃபிளாக்கும் போட்டாச்சு. ஸ்க்ரீன்ஷாட்டில் மட்டும் படம் ஒழுங்காக இருக்கிறது, ஏன்?

பாலாற்றங்கரை:
ஸ்க்ரீன்ஷாட்டில் வரவே வராது. உங்கள் ஃப்ரேம்கள் ஒவ்வொன்றும் முழுசாகத்தான் இருக்கின்றன. மானிட்டர் ஒரு ஃப்ரேமை மேலிருந்து கீழே வரி வரியாக வரைந்துகொண்டிருக்கும் நடுவில் நீங்கள் அடுத்ததைக் கொடுத்துவிடுகிறீர்கள். வெட்டுக்கு மேலே பழைய ஃப்ரேம், கீழே புதியது. இரண்டுக்கும் விலகல் சரியாக 8 பிக்சல் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

வெட்டு ஏறுவதற்குக் காரணம் டிக்(60). அது 1000/60-ஐ முழு எண்ணாக்கி 16 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது விநாடிக்கு 62.5 ஃப்ரேம். மானிட்டருக்கோ ஒரு சுற்றுக்கு 16.67 வேண்டும். ஒவ்வொரு ஃபிளிப்பும் 0.67 மில்லிசெகண்ட் முந்திப்போவதால் வெட்டு ஏறத்தாழ 30 வரி மேலே நகரும். 25 ஃப்ரேமில், அதாவது 0.4 விநாடியில், திரை முழுக்க ஏறி மறுபடி கீழிருந்து தொடங்கும். டிக் நேரத்தைத்தான் எண்ணும், மானிட்டர் எந்த வரியில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் எண்ணை மாற்றிப் பயனில்லை, இன்னும் துல்லியமாக எண்ணும் டிக்_பிசி_லூப் போட்டாலும் இதே கதைதான்.

தேவை விசிங்க், அதாவது மானிட்டர் ஒரு சுற்றை முடிக்கும்வரை ஃபிளிப்பைக் காக்கவைப்பது. திரையைத் திறக்கும் செட்_மோட்-இல் ஃபுல்ஸ்க்ரீனோடு ஸ்கேல்டு ஃபிளாக்கையும் சேர்த்து, விசிங்க்=1 கொடுங்கள். ஸ்கேல்டு அல்லது ஓப்பன்ஜிஎல் ஃபிளாக் இல்லாமல் விசிங்க்=1 வேலை செய்யாது, பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். டபுள்பஃபை எடுத்துவிடலாம், இங்கே அதனால் பலன் இல்லை.

சத்துவாச்சாரி_லினக்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் விசிங்க்=1 வெறும் வேண்டுகோள்தான், கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. கிளாக்.டிக்() என்று எண் இல்லாமல் வைத்து விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று சொல்லும் கெட்_எஃப்பிஎஸ் பாருங்கள். 60-ஐ ஒட்டி நின்றால் கிடைத்துவிட்டது. நூற்றுக்கணக்கில் ஓடினால் கிடைக்கவில்லை. அப்போது கிராபிக்ஸ் டிரைவர் செட்டிங்கில் விசிங்க் ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள், அது புரோகிராம் கேட்பதை மீறிவிடும். லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்றால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டரை (விண்டோக்களைச் சேர்த்துத் திரைக்கு அனுப்புவது) ஆன் செய்து பாருங்கள்.

விசிங்க் கிடைத்தபின் டிக்(60)-ஐத் திரும்பப் போடாதீர்கள். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேம் 13.33 மில்லிசெகண்ட், இன்னொன்று 26.67 என்று தங்கி, ஓட்டம் திக்கும். வேகத்தையும் ஃப்ரேமுக்கு 8 என்று வைக்காமல் விநாடிக்கு 480 என்று வைத்து, டிக் தரும் மில்லிசெகண்டை (முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரம்) 1000-ஆல் வகுத்து, அதனால் பெருக்குங்கள்.

காட்பாடி_பிக்சல்:
வெட்டு போயே போச்சு, 60-இல் நிற்கிறது. நன்றி! ஆனால் விநாடிக்கு 20 பிக்சல் என்று வைத்த மேகம் இடப்பக்கம் தாறுமாறாக ஓடுகிறது. வலப்பக்கம் திருப்பினால் அசையவே இல்லை.

பாலாற்றங்கரை:
மேகத்தின் இடத்தை ரெக்ட்.எக்ஸ்-இலேயே (படத்தின் இடத்தை வைத்திருக்கும் செவ்வகத்தின் எக்ஸ் மதிப்பு) கூட்டிக் கழிக்கிறீர்கள். ரெக்ட் முழு எண்ணை மட்டுமே வைத்திருக்கும், பின்னத்தை வெட்டிவிடும். 16 மில்லிசெகண்ட் ஃப்ரேமுக்கு 0.32 பிக்சல் என்றால், 100.32 திரும்ப 100 ஆகிறது, அதனால் வலப்பக்கம் நகராது. 99.68 என்பது 99 ஆகிறது, அதனால் இடப்பக்கம் ஃப்ரேமுக்கு ஒரு பிக்சல், விநாடிக்கு 60. மேகத்துக்கென்று தனியாக ஒரு ஃப்ளோட் (பின்னத்தையும் வைத்திருக்கும்) மாறி வையுங்கள், கணக்கெல்லாம் அதில் நடக்கட்டும். வரைவதற்கு முன் ரவுண்டு செய்து ரெக்ட்.எக்ஸ்-இல் போடுங்கள். மதிலுக்கும் இதையே செய்யுங்கள்: 480-க்கு 7.68 வரும் ஃப்ரேமில் அங்கேயும் பின்னம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, வேகமாக ஓடுவதால் கண்ணில் படவில்லை.