நிலவறைக் குறிப்புகள்: இரண்டாம் பகுதியை முதலில் படிக்கலாமா?

காரைக்குடி வாசகன்:
தஸ்தயெவ்ஸ்கியின் ‘நிலவறைக் குறிப்புகள்’ சிறிய நாவல்தானே, ஆயுத பூஜை விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். மூன்று வாரமாகியும் முதல் பகுதியின் 11 அத்தியாயங்களைத் தாண்ட முடியவில்லை. கல்லீரல் கெட்டிருக்கிறது என்பவன் அடுத்த மூச்சிலேயே தன் நோய் என்னவென்று தெரியாது என்கிறான். வேலையில் இருந்தபோது வன்மம் பிடித்த அதிகாரியாக இருந்தேன் என்று சொல்லிவிட்டு, சொன்னது பொய் என்கிறான். பேரேட்டில் பற்று எழுதிய கையோடு அதை அடித்துவிடும் கணக்குப்பிள்ளையிடம் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. சம்பவங்கள் நிறைந்த இரண்டாம் பகுதியைப் படித்துவிட்டு இதற்குத் திரும்பலாமா?

தேவகோட்டைக்காரன்:
தாராளமாகப் படிக்கலாம். முதல் பகுதியில் பேசுகிறவனுக்கு வயது 40, இரண்டாம் பகுதியின் சம்பவங்கள் அவனது 24ஆம் வயதில் நடந்தவை. நான் அப்படித்தான் படித்தேன்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, அப்படிப் படிக்க வேண்டாம் என்பேன். இரண்டாம் பகுதியில், மதுக்கடையில் தன்னை ஒரு பொருளைப்போல் நகர்த்தி வைத்துவிட்டுப் போன ராணுவ அதிகாரியின் மீது அவன் ஆண்டுக்கணக்கில் வன்மம் வளர்க்கிறான். நெவ்ஸ்கி வீதியில் அவனுக்கு வழிவிடாமல் தோளோடு தோள் மோத வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கி, மேலங்கியின் கழுத்துப்பட்டியைக்கூட மாற்றுகிறான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மோதியும் விடுகிறான். அந்த அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காததுபோல் நடித்தான் என்றே இவன் நம்புகிறான். இதை முதலில் படித்தால், இரண்டும் இரண்டும் நான்கு என்ற கணக்குக்கு மனிதன் ஏன் அடங்க வேண்டும் என்று முதல் பகுதியில் அவன் எழுப்பும் கேள்வி, அவமானப்பட்டவனின் சாக்காக மட்டுமே காதில் விழும். அறிவு வளர்ந்தால் மனிதன் தன் நலனை உணர்ந்து நல்லவனாகிவிடுவான் என்று நம்பிய ரஷ்ய எழுத்தாளர் செர்னிஷேவ்ஸ்கியின் நாவல் 1863இல் வந்தது. இது 1864இல் அதற்கு எதிராக எழுந்த குரல். அவன் ‘கனவான்களே’ என்று விளிக்கும் இடங்களில் அந்த நம்பிக்கைக்காரர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். (உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற 6,000 ரூபிள் கைக்கு வந்ததும் வேலையை உதறிவிட்டு மூலையில் உட்கார்ந்தவன் என்பதை நம் ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள், அது வேறு.)

காரைக்குடி வாசகன்:
நேற்றிரவு வளவில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன், ஆச்சி. இரண்டாங்கட்டில் படுத்திருந்த அப்பத்தா எழுந்து வந்து, இந்நேரத்தில் யாரோடு சண்டை போடுகிறாய் என்று கேட்டார்கள். இப்போது எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன்.